எல்சி மையில் பார்த்தது

யேசு மரி சூசை துணை

ராயபுரம்,
1932ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 14ந் தேதி

அன்பு மகள் ஆலிசுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையில் இங்கே மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்கும்படி தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். உன் மகள் எல்சிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய், சின்ன வயசிலிருந்தே அந்தப் புத்தி உனக்கு. இந்தக் கடிதத்தை அப்படிப் புரட்டாதே. வரிசையாக வாசி. நம் சந்தில் ஒரு மனுஷனுடைய உயிர் போகப் பார்த்தது, அதற்கு ரங்கூனில் உட்கார்ந்து நீ எழுதின கதை ஒரு காரணம், அதைப் பெருமையாக வாசித்துக் காட்டின நான் இன்னொரு காரணம். அப்பா கோபமாக எழுதுகிறாரே என்று நினைப்பாய். கோபந்தான். யார்மேல் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை.

உன் கதை வந்த வாரப் பத்திரிகை ஆடியிலேயே கப்பல் தபாலில் வந்து சேர்ந்தது. மகள் பேர் அச்சில் வந்திருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்தில் நான் சரக்கு மூட்டை எண்ணுகிற ஷெட்டில் ஒருத்தரை விடாமல் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுவிட்டு வந்ததும் நம் சந்து மாதா குருசடிக்கு முன்னால் பெஞ்சைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கதையில் ரோஸலின் என்று ஐந்து வயசுக் குழந்தை. வீட்டில் சங்கிலி திருட்டுப் போகிறது, மைக்காரன் வெற்றிலையில் மை தடவி அவள் கையில் கொடுக்கிறான், அவள் உற்றுப் பார்த்துத் திருடனை அப்படியே அடையாளம் சொல்கிறாள், அதோடு விட்டாளா, 'அவன் இழந்தது பொன்னை அல்ல, தன் உறக்கத்தை' என்கிறாள். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். எதிர்வீட்டு வியாகுலம்மாளை உனக்குத்தான் தெரியுமே, மீன்கூடைக்காரி, அவள் வாயைத் திறந்தால் சந்தே அடங்கும், அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "புதுநன்ம வாங்காத கொயந்த பொய் சொல்லாது, அது வாயில மாதாவே வந்து பேசும்" என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இத்தனையும் எல்சி என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கும்போது. ஐந்து வயசுக் குழந்தை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் குனிந்தால் போதும். நான் குனியவில்லை.

இந்த வருஷம் மாதா பிறந்த திருநாளுக்குக் குருசடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்று சந்தில் பேசி வேலப்பனைக் கூப்பிட்டார்கள். நீ போன பிறகு வந்தவன், உனக்குத் தெரியாது. வியாசர்பாடியில் குடியிருக்கிறான். துறைமுகத்தில் கப்பல் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கிக்கொண்டு துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை, அது இல்லாத நாளில் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பான். நம் வேதம் இல்லை. ஆனாலும் மாதா சுரூபத்தைத் தொடுவதற்கு முன்னால் கை காலைக் கழுவிக்கொண்டு கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவான். எல்சிக்கு அவனைக் கண்டால் சோறு தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையில் சின்னதாக ஒன்றை வெட்டி அவளுக்கென்றே கொடுத்திருந்தான், இவள் அதை வெறும் தண்ணீரில் தோய்த்துச் சுவரில் அடிப்பாள், வெயிலில் காய்ந்து மறைந்ததும் "செவுரு குடிச்சிட்ச்சு" என்று மறுபடி தோய்ப்பாள். அவனும் சுவருக்குத் தாகம் போல என்று பேச்சுக்குப் பேச்சு கொடுத்துக்கொண்டு அடிப்பான். மாதாவின் வெள்ளிக் கிரீடம் வருஷம் முழுக்க லூயிஸ் வீட்டுப் பெட்டியில் பூட்டியிருக்கும், திருநாளுக்குத்தான் வெளியே வரும் என்பது உனக்குத் தெரியும். லூயிஸ் இப்போது சந்துக்கு நாட்டாண்மை, படகும் அவன்தான் வைத்திருக்கிறான். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை கிரீடத்தைப் புளி போட்டுத் துலக்கிச் சுரூபத்தின் தலையில் வைத்து, சுண்ணாம்பு தெறிக்காமலிருக்க ஒரு சேலையால் மூடி, ஓரமாக முக்காலிமேல் இறக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் சேலையை எடுத்துப் பார்த்தால் மாதா தலை மொட்டையாக இருக்கிறது, கிரீடத்தைக் காணோம்.

நான் துறைமுகத்தில் இருந்தேன். பங்குச் சாமியார் எண்ணூர்ப் பக்கத்துச் சபைகளைப் பார்த்துவர வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். அவர் இருந்திருந்தால் மைக்காரன் சந்துக்குள் கால் வைத்திருக்க மாட்டான். மை பார்ப்பது பாவம் என்று நம் ஆட்களில் தெரியாதவர் யார்? வியாகுலம்மாளுக்கும் தெரியும், "அப்பறமா பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம், மொதல்ல கிரீடம் வர்ட்டும்" என்று சொல்லி மூலக்கொத்தளத்திலிருந்து அப்பாவு என்கிற மைக்காரனைக் கூட்டிவந்துவிட்டாள். மை பார்க்கக் குழந்தை வேண்டும். சந்தில் இன்னும் புதுநன்மை வாங்குகிற வயசு வராத குழந்தைகளுக்கா பஞ்சம்? ஆனால் "கத எய்தினவ பெத்த கொயந்தயே இங்க கீதே" என்று நேரே நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, முகம் கழுவி, பவுடர் போட்டு, நீ அனுப்பின பூப்போட்ட கவுனை மாட்டி அவளே கூட்டிப்போய் நிறுத்தினாள். ஏதோ கோவிலில் காணிக்கை வைக்கிற மாதிரி. நீ அவளைத் திட்டி எழுதாதே, நான் போதுமான அளவு திட்டியாகிவிட்டது, அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

நடந்ததை உன் அம்மா வாயாலேயே பிடுங்கி எழுதுகிறேன், கவனமாக வாசி, உன் ரோஸலினுக்கும் இதற்கும் எத்தனை தூரம் என்று பார். அப்பாவு வெற்றிலையில் மையை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவி அவள் கையில் கொடுத்து, "உள்ள இன்னா தெரிது கண்ணு?" என்றான். எல்சி பார்த்துவிட்டு, "எல்சி" என்றாள். பளபளப்பில் அவள் முகந்தானே தெரியும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட உண்மையான வார்த்தை அது ஒன்றுதான். எல்லோரும் சிரித்தார்கள். "அது இல்ல கண்ணு, நல்லாப் பாரு, ஒரு ஆள் தெரில?" என்றான். தெரியவில்லை என்றாள். "இன்னும் நல்லாப் பாரு" என்றான். அவளுக்கு, முதலில் சொன்னது தப்பு, அதனால்தான் திரும்பக் கேட்கிறார்கள் என்று தோன்றியிருக்கும். தாத்தா ஒன்று இரண்டு சொல்லச் சொல்லித் தப்பினால்தானே திரும்பக் கேட்பார்? அதற்கப்புறம் அவள் வெற்றிலையைப் பார்க்கவே இல்லையாம், சுற்றி நின்றவர்கள் முகத்தைத்தான் மாறி மாறிப் பார்த்தாளாம். "தெரிது" என்றாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள், ஒருத்தி கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். "ஆம்பளயா பொம்பளயா?" "ஆம்பள." "யாரு, பேரு தெரிமா?" வெளியே குருசடி ஓரத்தில் வேலப்பன் தொட்டியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தான், காலையில் மட்டை கொடுத்தவன், அவள் கண்ணுக்கு நேரே நின்றவன். "வேலப்பன்" என்றாள். ஒரு குடை ரிப்பேர்க்காரன் அந்த நேரம் போயிருந்தால் குடைக்காரன் என்றிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயந்தரம் நான் திரும்பி வருகிறேன், சந்து முழுக்கச் சுண்ணாம்பு. தொட்டியைக் கவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், என் செருப்பெல்லாம் வெள்ளை. குருசடிச் சுவர் பாதி வெளுப்பு, பாதி பழசு. வலைக் கொட்டகைக் கம்பத்தில் வேலப்பனைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது, வலது கை தோளுக்குக் கீழே தொங்கின விதம் சரியாயில்லை. என்னைக் கண்டதும், "நைனா, நீங்களாவது சொல்லுங்க நைனா, நான் மாதாவாண்ட கைய வெப்பனா, எனுக்கும் புள்ள குட்டி கீது" என்று அழுதான். லூயிசிடம் போலீசுக்கு ஆள் அனுப்பு என்றேன். "மாதா சொத்துக்குப் போலீசு எதுக்கு? வெளக்கு வெக்கறதுக்குள்ள கிரீடம் வர்ல, இவன கட்டுமரத்துல ஏத்தி அலைக்கு அப்பால இஸ்துகினு போறோம். அங்க வெச்சிக் கேட்டா தானா சொல்லுவான்" என்றான். அலைக்கு அப்பால் வைத்துக் கேட்பது என்றால் என்ன என்று நம் சந்தில் பிறந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீந்தத் தெரியாத மனுஷன், ஒரு கையும் உடைந்திருக்கிறது. லூயிசின் பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்கனவே கட்டுமரத்தை மணலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரே யோசனைதான் வந்தது. குழந்தை சொல்லித்தானே கட்டினார்கள், குழந்தையே இல்லை என்று சொல்லிவிட்டால் அவிழ்க்க வேண்டியதுதானே. வீட்டுக்கு ஓடி எல்சியைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினேன். "வேலப்பனைப் பார்த்தியா?" என்று கேட்டேன். "பாத்தேன்" என்றாள். "பொய்தானே சொன்னே?" என்றேன். "ஆமா" என்றாள். பார்த்தீர்களா என்று நான் லூயிசைப் பார்க்க, அவன் குனிந்து, "வேலப்பன்தானே கிரீடத்த எட்த்தான் பாப்பா?" என்றான். அதற்கும் "ஆமா" என்றாள். நிஜமாகச் சொல்லு, நிஜமாகச் சொல்லு என்று தோளைப் பிடித்து உலுக்கினேன், இவ்வளவு சத்தமாக நான் அவளிடம் பேசினதே கிடையாது. நான் உலுக்க உலுக்க அவள் சேர்த்துக்கொண்டே போனாள். வேலப்பன் கிரீடத்தைப் பையில் போட்டான் என்றாள், எந்தப் பை என்றால் கறுப்புப் பை என்றாள், கையில் கத்தி இருந்ததா என்று எவனோ கேட்க, "பெரிய கத்தி" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கூட்டம் உறுமிற்று. ஒவ்வொரு கேள்வியும் வேலப்பன் கழுத்தில் இன்னொரு முடிச்சாக விழுகிறது, போடுகிறவன் நான். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன் ஆலிஸ். அவள் வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். கம்பத்திலிருந்து வேலப்பன், "கொயந்தய அடிக்காதீங்க நைனா" என்றான். அந்த நிலைமையில் அவன் சொன்னது அது.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனி எதைச் சொல்லியும் அவர்களைத் தடுக்க முடியாது என்று தெரிந்தது. வெளியே கட்டுமரம் மணலில் உரசுகிற சத்தம் கேட்டது. எல்சி கொஞ்சம் தேம்பினாள், பிறகு தேம்புகிறதை மறந்துபோனாள், அந்த வயசில் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போதே விளையாட்டு தொடங்கிவிடும். கிளிஞ்சல்களை வரிசையாக வைத்தாள், அது சனங்களாம். மரப்பாச்சியின் தலையில் பெப்பர்மிட்டு டப்பா மூடியை வைத்து, டும் டும் என்று பாண்டு அடித்தாள். உடனே என் செருப்பு ஒன்றைத் தரையில் தள்ளிக்கொண்டு வந்து "கப்பல் வந்துச்சு" என்றாள். மூடியை எடுத்தாள், செருப்பு பின்னாலேயே போய்விட்டது. மூடியை வைத்தாள், செருப்பு வந்தது. எடுத்தாள், போனது. இப்படியே செய்துகொண்டிருந்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கிரீடத்தைப் பற்றி இவளுக்கு ஏதோ தெரியும் என்று பட்டது. கேள்வி என் வாய்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டால் ஆமாம் என்பாள், அவ்வளவுதான். நான் இன்னொரு செருப்பை எடுத்து நானும் தள்ளினேன், பாதியில் நிறுத்தினேன். "என் கப்பல் வரவே மாட்டேங்குது" என்று செருப்பைப் பார்த்துச் சொன்னேன். "உனுக்குக் கிரீடம் இல்ல தாத்தா, அதான்" என்றாள். எனக்குக் கிரீடத்துக்கு எங்கே போவேன் என்று முனகினேன். அவள் டப்பா மூடியை எடுத்து என் செருப்பின்மேல் வைத்தாள். "நீ இத்த வெச்சிக்கோ, மெய்யான கிரீடம் அம்மாவாண்ட கீது, அது தர மாட்டேன்" என்றாள்.

உன் டிரங்குப் பெட்டியில் இருந்தது ஆலிஸ். உங்கள் கல்யாணப் போட்டோவைக் கண்ணாடி உடைந்துபோனதால் அதில் வைத்திருந்தோம், இவள் அடிக்கடி பெட்டியைத் திறந்து மூடுவாள், கொண்டியைத் திறந்து விளையாடுகிறாள் என்றே நினைத்திருந்தோம். கிரீடத்தைப் போட்டோவின்மேல், மாப்பிள்ளை தலைக்கு அல்ல, சரியாக உன் தலைக்குமேல் படுக்க வைத்து, சுரூபத்தை மூடியிருந்த மாதிரியே உன் பழைய சேலையால் மூடியிருந்தாள். ஆறு மாதமாக உன் அம்மா அவளிடம், மாதாவுக்குக் கிரீடம் வைத்துச் சப்பரம் கிளம்பினதும் உங்கம்மா கப்பலில் வந்துவிடுவாள் என்று சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், நீதான் திருநாளுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே. நமக்குத் திருநாள் வருவதால் கிரீடம் வெளியே வருகிறது. அவளுக்குக் கிரீடம் வருவதால் திருநாள் வருகிறது, கப்பல் வருகிறது. மரம் ஆடுவதால் காற்று வருகிறது என்றுகூட ஒருநாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், நான் சிரித்தேன். அம்மா தலையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வருவாள் என்று வேலப்பன் சுண்ணாம்பு கலக்குகிற நேரத்தில் சேலையைத் தூக்கி எடுத்துக் கவுனில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஒளிக்கவே இல்லை. திருடினோம் என்பதே அவளுக்குத் தெரியாது. சந்தில் அத்தனை பேரும், மைக்காரனும், நானும், யார் எடுத்தது யார் எடுத்தது என்று கேட்டோமே தவிர, உனக்குத் தெரிந்ததைச் சொல்லு என்று ஒருத்தரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். கொட்டகைக் கம்பத்தில் கயிறுதான் தொங்கிற்று. கட்டுமரம் தண்ணீரில் இறங்கி முதல் அலையைத் தாண்டியிருந்தது, நடுவில் அவனைக் குப்புறப் படுக்க வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு லூயிசின் மூத்தவன் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான். நான் கத்தினது அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கிரீடத்தைத் தலைக்குமேலே தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன், ஒரு அலை என்னைப் புரட்டிப் போட்டது, கிரீடத்தை மாத்திரம் விடவில்லை. கரையில் நின்ற வியாகுலம்மாள்தான் அதைப் பார்த்தாள். அவள் மீன் விற்கிற தொண்டை இருக்கிறதே, அன்றைக்கு அது உதவிற்று, "டேய், கிரீடம் வந்துட்ச்சு, திருப்புங்கடா" என்று அவள் போட்ட கூச்சலில் கட்டுமரம் திரும்பிற்று. இறக்கிப் போட்டதும் வேலப்பன் கடல் தண்ணீரைக் கக்கினான். எழுந்து உட்கார்ந்தவன் யாரையும் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாகுலம்மாள் மணலில் முழங்கால் போட்டு, மாதாவே கிரீடத்தைக் குழந்தை கையில் கொடுத்துப் பத்திரப்படுத்தினாள், இது புதுமை என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம், புதுமையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வாயை மூடு என்றேன். லூயிஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா பூட்ச்சு நைனா, இத்துனூண்டு கொயந்தய இன்னான்னு கேக்கறது" என்றான். மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்றேன். மைக்காரன் அப்பாவு எந்த வழியாகப் போனான் என்றே தெரியவில்லை. சாமியார் திரும்பி வந்து கோவிலில் வைத்து எங்கள் எல்லோரையும் வாங்கின வாங்கலில் திருநாள் பாட்டுக்கூட வாயில் வரவில்லை. சப்பரம் போயிற்று, பாண்டு வாத்தியம் வந்தது, குருசடி பாதிச் சுவர் வெளுப்போடு அப்படியே நின்றது. மிச்சத்தை அடிக்க யாரையும் கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

நான் வியாசர்பாடிக்கு அவனைப் பார்க்கப் போனேன். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கயிற்றில் தொங்குகிற வேலை, ஒரு கையால் எப்படிச் செய்வான்? அவன் பெண்சாதி தாயம்மா வாசலிலேயே மறித்து, "இன்னா சாமி, இன்னொரு கொயந்தய இட்டாந்து கேக்கப் போறீங்களா?" என்றாள். நான் கொண்டுபோன பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று அவனே மட்டையையும் வாளியையும் எடுத்துப் போக வந்தான். எல்சி அவனைக் கண்டதும் ஓடிப்போய் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் வர்ல? செவுருக்குத் தாகம்" என்றாள். அவளுக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை, தன்மேலும் இல்லை. அவன் வாளியைக் கீழே வைத்தான். "நீ இன்னா பண்ணுவே பாப்பா" என்றான், அவள் விரலை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுப் போய்விட்டான். சின்ன மட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மறந்தானா, வேண்டுமென்றே வைத்தானா என்று தெரியவில்லை.

பத்திரிகைக்காரர்கள் ரோஸலினை வைத்து இன்னொரு கதை கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், எப்படி எழுதட்டும் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாய். எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உனக்கு எழுத்து வருகிறது. ஆனால் அந்தக் குழந்தையைப் பீடத்திலிருந்து இறக்கிக் கீழே விடு. மூக்கை நோண்டட்டும். பாதியில் கதையை விட்டுவிட்டு மூத்திரம் வருது என்று ஓடட்டும். ஒரு முறுக்கை இரண்டாக உடைத்துக் கொடுத்தால் இரண்டு முறுக்கு கிடைத்ததாகச் சந்தோஷப்படட்டும். கண்ணை மூடிக்கொண்டு, இப்போ நான் உனக்குத் தெரிய மாட்டேனே என்று சொல்லட்டும். நேற்று நடந்ததையும் போன திருநாளையும் ஒரே வாயில் கலந்து சொல்லட்டும். பொய் சொல்லாத குழந்தை என்று எழுதாதே, பொய் எது மெய் எது என்று பிரிக்கிற சுவரே அவள் மனசில் இன்னும் கட்டி முடியவில்லை, பெரியவர்கள் முகம் மலருகிற பக்கமாக அவள் வார்த்தை சாயும். அவளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அது நம் நியாயம் இல்லை, ஆனால் நம்முடையதைவிடக் குறைவானதும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத் தரையில் உட்கார வேண்டும். ரோஸலின் பேசுகிறதெல்லாம் நீ பேசுகிறது, ஆலிஸ். ஏன் அப்படி எழுதினாய் என்றும் எனக்குத் தெரியும். ரங்கூன் கலவரத்துக்குப் பயந்து நீ எல்சியை எங்களிடம் கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு மூன்று வயசு, வார்த்தைகூடச் சரியாக வராது. ஐந்து வயசு எல்சியை நீ பார்த்ததே இல்லை. பார்க்காத பிள்ளையை மனசிலிருந்து செய்திருக்கிறாய், குறையில்லாமல் செய்துவிட்டாய். இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, எழுத்து வேலையும் இருக்கிறது, இந்தத் திருநாளுக்கு வர முடியாது என்று நீ எழுதினதை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. இன்று காலை அவளே கேட்டாள், "கிரீடத்த லூயிஸ் தாத்தா பொட்டில வெச்சிப் பூட்டிட்டாரு, இனிமே கப்பல் வராதா?" என்று. அவள் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். லீவு மாப்பிள்ளைக்குத்தானே வேண்டும், உனக்கு எதற்கு? அடுத்த கப்பலில் நீ மாத்திரம் புறப்பட்டு வா. மாப்பிள்ளைக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

உன் அம்மா இந்தக் கடிதத்துக்காக என்னோடு பேசத் தொடங்கியிருக்கிறாள், உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொல்கிறாள், கடல் காற்றில் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறாள். ராயபுரத்து மாதா உன்னை அலை அடங்கின கடலில் கொண்டுவந்து சேர்க்கட்டும், மாப்பிள்ளையை அங்கே காக்கட்டும். வேலப்பனுக்காகவும் ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லு. ஒன்றை மறந்துவிடாதே. நீ வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அவளை வாரித் தூக்காதே, நான் யார் தெரியுதா என்று கேட்காதே. கேட்டால் தெரிது என்பாள். அம்மாதானே என்றால் ஆமா என்பாள். அதை நம்பிக் கட்டிக்கொண்டு அழாதே. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார். அவள் வந்து செருப்பை எடுப்பாள்.

உன் வருகையை எதிர்பார்த்திருக்கும்
அப்பா
ம. அருள்நாதன்